ஜன்னல் பெரட்டு

அக்கரப்பத்தனைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் காலையில் பேர் வாசிக்கும் பெரட்டு இரண்டு நடந்தது. ஒன்று ஏழு மணிக்கு, தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் பக்கத்துக் களத்தில். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு விஜிதரன் பேர் வாசித்து, யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று பிரித்து அனுப்புவார். மற்றது அதற்கு அரை மணி நேரம் முந்தி, ஏழாம் நம்பர் லயத்தில், ஜீவராஜ் வீட்டு ஜன்னலடியில். அங்கே பேர் வாசிப்பது ஜீவராஜின் மகள் தனுஷிகா. வயது எட்டு. தலையில் கம்பளித் தொப்பி, முகத்தில் மாஸ்க், கையில் சிவப்புப் பென்சில்.

"செல்லசாமி!"

"இருக்கேங்க, கண்டாக்கு!"

"கையக் காட்டுங்க."

தேயிலைக்கு மருந்தடிக்கும் வேலை செய்யும் செல்லசாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் இரண்டு கைகளையும் நீட்டி, பிள்ளைகள் போலப் புரட்டிக் காட்டினார்.

"இப்ப இருமினீங்களா?"

"அது இருமல் இல்லைங்க. பீடிங்க."

"பீடின்னாலும் அரைப் பேருதான்."

"அடியாத்தி! கீழ உள்ள கண்டாக்கு பரவாயில்ல போல. அவரு கொழுந்து கொறைஞ்சாத்தான் அரைப் பேரு போடுவாரு. இவ மூச்சு விட்டாலே போடுறாளே!"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு நாள் வேலையை முழுதாகச் செய்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர் என்பது தோட்டத்துச் சட்டம். தனுஷிகாவின் சட்டத்தில் இருமினால், தும்மினால், கை கழுவாமல் வந்தால் அரைப் பேர். அரைப் பேர் வாங்கியவர் ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளி, துணி காயும் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும்.

"ஷாமிலா!"

"இருக்கேன். ஆனா என் மகனுக்கு மூக்கு ஒழுகுது, கண்டாக்கு."

"அப்ப ரெண்டு பேரும் கம்பிக்கு அங்கிட்டு."

பக்கத்துக் காம்பராக்காரி ஷாமிலா, ஒரு வயது மகனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சிரித்தபடி போனாள்.

"அழகம்மா!"

பதில் இல்லை. மறுபக்கத்தில் சுவரொட்டிய மூன்றாவது காம்பராவின் கதவு சாத்தியிருந்தது. கூரை இடுக்கில் மட்டும் அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது.

"அழகம்மா... வரல்ல." நோட்டில் ஒரு கோடு விழுந்தது.

உள்ளே முட்டை அவித்துக்கொண்டிருந்த தாய் பூரணியின் கை அந்தப் பேரைக் கேட்டதும் ஒரு கணம் நின்றது. தினமும் நின்றது.

"அந்தப் பேர ஏன் பாப்பா நெதமும் வாசிக்கிற? அவுங்கதான் வர்றதில்லையே."

"வரல்லன்னா பேர வெட்டிற முடியுமாம்மா? அத்தை நம்ம லயத்து ஆளுதானே."

பூரணி முட்டையை உரிக்கத் தொடங்கினாள்.

தனுஷிகாவுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று தெரிந்து எட்டு மாதமாகிறது. மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றுவதும், திரும்பி வந்து அடுத்த தவணை வரை பிள்ளையைக் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வதும் வீட்டின் வேலையாகிவிட்டது. மருந்து ஏற்றிய பின் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் அணுக்கள் இறங்கிவிடும், அந்த நாட்களில் யாரையும் நெருங்க விட வேண்டாம் என்று தாதி சொல்லி அனுப்பினாள். சுவருக்குச் சுவர் ஒட்டிய பத்துக் காம்பரா லயத்தில், ஒரு குழாயில் எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் இடத்தில், அதை எப்படிச் செய்வது என்று அவள் சொல்லவில்லை. பூரணி தானாகக் கண்டுபிடித்தாள். வேலையை விட்டு நின்றாள். தண்ணீரை இரண்டு தரம் கொதிக்க வைத்தாள். பிள்ளையின் துணிகளை ஸ்திரி போட்டாள். பச்சை வெங்காயச் சம்பலை வீட்டிலிருந்தே விரட்டினாள். எல்லாவற்றுக்கும் மேலாக, கதவைச் சாத்தினாள்.

அதுதான் கடினமாக இருந்தது. லயத்தில் ஒருவருக்குச் சுகமில்லை என்றால் எல்லாரும் வருவார்கள். ஒரு பெட்டி பிஸ்கட்டோடு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவார்கள். வராதவரைத்தான் குறை சொல்வார்கள். வந்தவரை வாசலில் நிறுத்தியதை அந்த லயம் கண்டதில்லை.

ஒரு நாள் செல்லசாமி ஜன்னலுக்கு வெளியே நின்று, "நான் எப்பிடித்தான் புள்ள ஒன்னப் பாக்குறது?" என்று கேட்டார். உள்ளே சலித்துப் போய் உட்கார்ந்திருந்த தனுஷிகா, "வரிசையில நில்லுங்க, பேர் வாசிக்கிறேன்" என்றாள். அடுத்த நாள் அவர் நாலு பேரைக் கூட்டி வந்தார். ஒரு வாரத்தில் லயமே வரிசையில் நின்றது.

அழகம்மா மட்டும் வரவில்லை. அவள் ஜீவராஜின் அக்கா. தனி ஆள். புருஷன் இல்லை, மகன்கள் கொழும்பில் கடையில். மூன்று மாதத்துக்கு முன் ஒரு பின்னேரம் அவள் பிள்ளைக்கென்று ஒரு மோல்ட் பவுடர் டின்னோடு வந்தபோது, பூரணி கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டு, "உள்ள வராதீங்க அண்ணி" என்றாள். அதோடு விட்டிருந்தால் அழகம்மா பொறுத்திருப்பாள். ஆனால் அந்த நேரம் உள்ளே, பூரணியின் ஒரே நாற்காலியில், கண்டாக்கின் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"ஓ" என்றாள் அழகம்மா. "கண்டாக்கம்மாவுக்கு நாக்காலி. அத்தைக்காரிக்கு வாசப்படியா?"

டின்னைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பூரணி அதை நினைக்கும்போதெல்லாம் தன்னிடமே வாதாடுவாள். கண்டாக்கம்மாவைப் போகச் சொல்ல வாய் வரவில்லை, அது உண்மை. அண்ணியைப் போகச் சொல்ல உடனே வந்தது, அதுவும் உண்மை. சொந்தக்காரரிடம்தான் நமக்கு எவ்வளவு தைரியம்! போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று மாதம் போய்விட்டது.

ஆடி மாத மழை விடாமல் பெய்த அந்த வாரம்தான் எல்லாம் நடந்தது. அடுத்த மருந்து திங்கட்கிழமை. அதற்கு முன் இரண்டு தவணை காய்ச்சலால் தள்ளிப் போயிருந்தன. "இந்த முறை தள்ளக் கூடாது" என்று டாக்டர் சிங்களத்திலேயே, மொழிபெயர்ப்பு வேண்டாத அளவு தெளிவாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை வரை பிள்ளைக்கு ஒரு சளி, தடிமன்கூட வரக் கூடாது. பூரணி நாட்களை விரல் விட்டு எண்ணினாள். ஜீவராஜ் ஸ்டோரிலிருந்து வந்ததும் பின்பக்கத்தில் குளித்து, துணி மாற்றிய பிறகுதான் உள்ளே வர வேண்டும். "இந்தக் குளிருல ரெண்டு தரம் குளிச்சா எனக்குத்தான் காய்ச்சல் வரும்" என்று அவன் பல் நடுங்கச் சொல்வான். அவள் சிரிக்கமாட்டாள். சிரித்துக் கனகாலம்.

புதன்கிழமை விறகு தீர்ந்தது. வேலைக்கு லீவு சொன்ன ஜீவராஜைப் பிள்ளையோடு விட்டுவிட்டு, தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிய மலையில் மிலார்க் குச்சி பொறுக்கப் பூரணி போனாள். கட்டு கட்டி முடிக்கும்போது மேல் மலையில் பெண்கள் பத்து மணித் தேத்தண்ணிக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

"அடியே பூரணி! உசிரோடதான் இருக்கியா?"

"வாடி, ஒரு வாய் ரொட்டி திங்க."

போகக் கூடாது என்று நினைத்தபடியே போனாள். நாலு பேர் மழைக்குப் போர்த்தும் படங்கு ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் பாதி உள்ளேயும் பாதி மழையிலுமாக ஒண்டினாள். கனத்த கோதுமை ரொட்டி, மேலே சிவக்கச் சிவக்க வெங்காயச் சம்பல். ஒருத்தி தன் மாமியார் அட்டையைப் பார்த்து அலறிச் சறுக்கி விழுந்த கதையைச் சொன்னாள். பூரணி சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். முதுகு நனைவது தெரிந்தும் எழும்பவில்லை. தான் ஒருத்தி இருப்பதே மறந்து போயிருந்தது அவளுக்கு. அந்த மழைக்குள் அது ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை விடியும்போது தொண்டையில் முள் இருந்தது. புகை, என்று சொல்லிக்கொண்டாள். மாஸ்க்குக்கு மேல் இன்னொரு மாஸ்க் போட்டுக்கொண்டாள். பிள்ளையிடமிருந்து எட்டி நின்றே வேலை செய்தாள். இப்போது ஒப்புக்கொண்டால் திங்கட்கிழமை யார் போவது? வார்டில் பிள்ளையோடு ஒரு பொம்பளை ஆள்தான் தங்கலாம். ஜீவராஜ் வெளியேதான் நிற்க வேண்டும். எட்டு மாதமும் அவள்தான் தங்கினாள். பிள்ளை எந்தக் கையில் ஊசி குத்த விடுவாள், வாந்தி வரும் முன் எப்படிக் கண்ணை மூடுவாள் என்பதெல்லாம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கு மட்டும். அந்த நினைப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் பட்டது.

ஜன்னலில் பேர் வாசிப்பு பாதியில் இருந்தது. பூரணி அடுப்புப் பக்கம் ஓடினாள். ஆனால் தும்மல் அவளை முந்திவிட்டது.

தனுஷிகா மெதுவாகத் திரும்பினாள்.

"யாரு அது?"

"அடுப்புப் பொகை, பாப்பா."

"பூரணி!"

தாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் வெளியே யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள்.

"இன்னொரு தும்மல் வருதாம்மா?"

"இல்ல" என்று சொல்லி முடிப்பதற்குள் வந்தது.

பிள்ளையின் கண்களில் கோபம் இல்லை. அந்த எட்டு வயதுக் கண்கள் சட்டத்தை எடுத்துச் சொல்லத் தயங்கின. "அரைப் பேரும்மா" என்றாள் சின்னக் குரலில். "கம்பிக்கு அங்கிட்டுப் போங்க. திங்கக்கெழமை எனக்கு மருந்துதானே."

பூரணி வெளியே வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் செல்லசாமியும் ஷாமிலாவும் விலகி இடம் விட்டார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. தன் வீட்டு ஜன்னலை வெளியிலிருந்து அவள் அப்போதுதான் முதல் தரம் நின்று பார்த்தாள். அது எவ்வளவு சின்னது!

"இப்ப எங்க போயித் தங்குவ?" என்றாள் ஷாமிலா. "எங்க வீட்டுலன்னா இவனுக்கு ஏற்கனவே சளி, ரெண்டையும் சேத்துக்கிட்டுப் போவ."

"என் வீட்டுல பீடி" என்றார் செல்லசாமி.

ஜீவராஜ் ரொட்டி மாவு ஒட்டிய கையோடு வாசலுக்கு வந்து திகைத்து நின்றான். "திங்கக்கெழமை வார்டுல யாருடி நிக்கிறது?"

அப்போது மூன்றாவது காம்பராவின் கதவு திறந்தது. அழகம்மா தலைமுடியை முடிந்துகொண்டே நடந்து வந்தாள். பூரணியிடமிருந்து பத்தடிக்கு அப்பால் நின்று, ஒரு சாவியை அவள் காலடியில் எறிந்தாள்.

"எடு. நீ என் வீட்டுக்குப் போ. நான் ஒன் வீட்டுக்குப் போறேன்."

"அண்ணி..."

"பேசாத. பேசினா எச்சி தெறிக்கும். ஒன் சட்டம்தானே?"

"அண்ணி, நான் அன்னைக்கி..."

"நாக்காலியப் பத்திப் பொறகு பேசுவோம். மொதல்ல எனக்குக் கை கழுவக் காட்டிக் குடு. அந்த ஆஸ்பத்திரி மாதிரி."

கற்றுக் கொடுக்கப் பத்து நிமிடம் எடுத்தது. பூரணி கம்பிக்கு அங்கிட்டு நின்று காற்றில் கை கழுவிக் காட்ட, அழகம்மா குழாயடியில் சோப்புப் போட்டாள். "விரலுக்கு நடுவுல அண்ணி... நகத்துக்குள்ள..." லயமே வட்டமாக நின்று பார்த்தது. குளித்து, ஸ்திரி போட்ட சேலை கட்டி, மாஸ்க் போட்டு, அழகம்மா ஜன்னலடியில் வந்து கையை நீட்டினாள்.

தனுஷிகா உற்றுப் பார்த்தாள். "கறுப்பா இருக்கே. அரைப் பேர்."

"அடி இவளே! முப்பது வருசமாக் கொழுந்து கிள்ளின கறைடி இது. சோப்பு தேஞ்சாலும் இது போகாது."

பிள்ளை யோசித்தாள். தன் அம்மாவின் விரல்களிலும் அந்தக் கறை இருந்ததும், எட்டு மாதத்தில் அது வெளுத்துப் போனதும் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "கறைக்கு முழுப் பேர் போடலாம்" என்றாள். "உள்ள வாங்கத்தே."

பூரணி சாவியைப் பொறுக்கிக்கொண்டு மூன்றாவது காம்பராவுக்குள் போனாள். துப்புரவான சின்ன அறை. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அந்த மோல்ட் டின், உடைக்காமல், தூசி துடைத்து வைத்திருந்தது. கொத்தமல்லி அவிக்க அடுப்புக்குப் போனாள். அடுப்புக்கு மேல் சுவரில் கரித்துண்டால் கோடுகள். வரிசை வரிசையாக, மூன்று மாதத்துக் கோடுகள். எதையோ எண்ணி வைத்திருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை, பேர் வாசிக்கும் சத்தம் அந்த அடுப்படிக்குத் துல்லியமாகக் கேட்டது. தனுஷிகாவின் குரல் மட்டுமில்லை, வீட்டுக்குள் ஜீவராஜ் ரொட்டியைக் கருக்கியதும், "இது என்னாப்பா, தார் ரோட்டா?" என்று பிள்ளை கேட்டதும், அழகம்மா விழுந்து விழுந்து சிரித்ததும் கேட்டன. பூரணி கையில் அகப்பையோடு நின்றாள். தான் இல்லாத வீட்டில் இவ்வளவு சிரிப்பா என்று ஒரு சின்னக் கடி கடித்தது. பிறகு இன்னொன்று விளங்கியது. மூன்று மாதமாகத் தன் வீட்டுப் பேச்செல்லாம், தான் பிள்ளையை அதட்டியது, இரவில் விசும்பியது, எல்லாம் இங்கே வந்திருக்கிறது. அண்ணி ஒரு வார்த்தை வெளியே விடவில்லை.

அவள் வாசலுக்கு வந்து, தள்ளி நின்று கேட்டாள். "அண்ணி, சொவத்துல என்னா கோடு?"

ஜன்னலுக்குள்ளிருந்து அழகம்மா எட்டிப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரியானது. "பேரு வாசிச்சா பதில் சொல்லணும்ல. அடுப்புக்கிட்ட நின்னு 'இருக்கேன்'னு சொல்லுவேன். இவ வரல்லன்னு கோடு போட்டா, நான் வந்தேன்னு போட்டுக்கிட்டேன்."

தனுஷிகா நோட்டைத் தூக்கிக்கொண்டாள். "அப்ப அத்தை எல்லா நாளும் வந்துருக்காங்களா? எல்லாத்தையும் திருத்தணுமே!" அன்று முழுவதும் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து திருத்தினாள்.

பூரணி அப்போதுதான் சொன்னாள், கம்பிக்கு அங்கிட்டு நின்று, எல்லாரும் கேட்க. "நாக்காலிய ஒங்களுக்குத்தான் போட்டிருக்கணும் அண்ணி."

"இப்ப நான்தானே அதுல ஒக்காந்திருக்கேன்" என்றாள் அழகம்மா. "கால் ஒண்ணு ஆடுது. தம்பிகிட்டச் சொல்லி ஆணி அடி."

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் அழகம்மாவையும் ஜீவராஜையும் ஏற்றிப் போக வான் வண்டி வந்தது. பூரணி ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தாள். இடது கையில் குத்தச் சொல்லவும். வாந்திக்கு முன் கண்ணை மூடுவாள், கிண்ணம் கிட்ட இருக்கட்டும். ராவில் காலைத் தேய்த்து விட்டால் தூங்குவாள். எழுத எழுத, இவ்வளவுதானா என்று இருந்தது. தனக்கு மட்டுமே தெரியும் என்று சுமந்ததெல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. அழகம்மா அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். வான் வளைவில் திரும்பும்வரை ஒரு கம்பளித் தொப்பி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

திங்கட்கிழமை பூரணிக்குத் தும்மல் நின்றது. கூடையைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். வீட்டில் இருந்தால் சுவர்தான் பேசும். எட்டு மாதத்துக்குப் பிறகு கை கொழுந்தைத் தேடியது, ஆனால் காது இடுப்பில் செருகிய போனில் இருந்தது. காலையில் ரத்தம் எடுப்பார்கள். அணுக்களின் கணக்கு இறங்கியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மழையில் ஒண்டிய அந்த ஒரு மணி நேரத்தை அவள் நூறு தரம் திருப்பி எடுக்கப் பார்த்தாள். பகல் நிறுவைக்குக் கூடையை இறக்கும்போது போன் அடித்தது.

"பூரணி, கேக்குதா?" அழகம்மா கத்தினாள். "ரத்தம் நல்லா இருக்காம்! மருந்து ஏத்துறாங்க. எடது கையிலதான்!"

பூரணி கொழுந்துச் சாக்கின் மேல் அப்படியே உட்கார்ந்தாள். தராசு பார்த்துக்கொண்டிருந்த கண்டாக்கு விஜிதரன் அதட்ட வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, "சரி, சரி, ஒக்காரு" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு, பழக்க தோஷத்தில், எல்லாரும் சாத்திய ஜன்னலுக்கு முன் வந்து நின்றார்கள்.

"கண்டாக்கு லீவு" என்றார் செல்லசாமி. "இன்னைக்கி நான் பத்துப் பீடி குடிப்பேன்."

பூரணியின் போன் அடித்தது. சத்தத்தைக் கூட்டி, ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"செல்லசாமி!"

அவர் வாயிலிருந்த பீடி கீழே விழுந்தது. "இருக்கேங்க!"

குரல் களைத்திருந்தது, ஆனால் பேர் ஒன்றையும் விடவில்லை. ஷாமிலா, அவள் மகன், கடைசிக் காம்பராக்காரர்கள், எல்லாரும் பதில் சொன்னார்கள். பிறகு தனுஷிகா, "இன்னைக்கிப் புதுசா ஒரு ஆள் சேந்துருக்காங்க" என்றாள். "நெத்மி!"

"இன்னவா!" என்று ஒரு சின்னக் குரல் சிங்களத்தில் 'இருக்கேன்' சொன்னது.

"பக்கத்துக் கட்டில். ஆறு வயசு. கை கழுவிட்டா. முழுப் பேர்."

லயம் ஆரவாரித்தது. "வா நங்கி, வா தங்கச்சி!" என்று செல்லசாமி போனைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பூரணி!"

பூரணி போனுக்கு அருகே குனிந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இருக்கேங்க" என்றாள்.

"மூக்கு அடைச்சிருக்கே. தடிமன் போகல்லியா? அரைப் பேர்."

"ஐயோ கண்டாக்கு, அது தடிமன் இல்ல, அழுகாச்சி!" என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அந்தப் பக்கம் ஏதோ கிசுகிசுப்பு. பிறகு, "அத்தை சொல்றாங்க, அழுகாச்சி தொத்தாதாம்" என்றாள் தனுஷிகா. "முழுப் பேர்."

கீழே களத்தில் ஏழு மணிப் பெரட்டுக்குச் சங்கு ஊதியது. "ஓடுங்கடி!" என்றாள் ஷாமிலா. "இங்க முழுப் பேர் வாங்கிட்டு அங்க அரைப் பேரா?" கூடைகள் முதுகில் குதிக்க எல்லாரும் படிக்கட்டில் ஓடினார்கள். பூரணி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் ஓடினாள்.